முடியும் சார் என்னைச் சிங்கமாக்கிய கதை

‘முடியாது’ என்ற சொல்லைக் கேட்டாலே காய்ச்சல் கண்டுவிடும் மனிதர் ஒருவர் திண்டுக்கல்லில் இருந்தார். பெற்றோர் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும். ஊருக்கு அவர் ‘முடியும் சார்’.

பஸ் ஸ்டாண்ட் பக்கத்து லாட்ஜ் ஒன்றில் மாத வாடகைக்கு இருந்தேன். அடுத்த அறை அவருடையது. டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுப்பவர். கம்ப்யூட்டர் வந்து அந்த வகுப்பு காலியாகக் காலியாக, ஞாயிற்றுக்கிழமைகளில் அதே பெஞ்சுகளில் தன்னம்பிக்கை வகுப்பு நடத்த ஆரம்பித்தார். அதில் படித்தவர்களிலேயே மோசமான மாணவன் நான்தான்.

தொண்ணூறுகளின் கடைசி அது. நான் மெடிக்கல் ரெப். டாக்டர்களிடம் பேசி எங்கள் கம்பெனி மருந்தை எழுத வைக்க வேண்டும். எனக்கோ டாக்டரைக் கண்டதும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒருமுறை வத்தலக்குண்டில் நான் முழித்த முழியைப் பார்த்து டாக்டர் என்னை நோயாளி என்றே நினைத்துவிட்டார். நாடி பிடித்துப் பார்த்து, வேறு கம்பெனி மாத்திரை எழுதிக் கொடுத்தார். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன்.

“கண்ணாடி முன்னால நின்னு ‘நான் சிங்கம்’னு சொல்லிப் பாரு அப்பு. மனசு நம்பிரும்,” என்றார் முடியும் சார்.

லாட்ஜில் பொதுக் குளியலறையில் மட்டும்தான் கண்ணாடி. கதவைச் சாத்திக்கொண்டு கர்ஜித்தேன். வெளியே வாளியோடு வரிசையில் நின்ற ஒருவர், “சிங்கத்த வெரசா குளிச்சிட்டு வரச் சொல்லுங்கப்பா. ஒட்டன்சத்திரம் பஸ் போயிரும்,” என்றார்.

அடுத்து, கூச்சம் போக வேண்டும் என்று என்னை பஸ் ஸ்டாண்டில் நின்று பேச வைத்தார். தோளில் சாம்பிள் பையோடு விடாமுயற்சியைப் பற்றிப் பேசினேன். கூட்டம் கூடிவிட்டது. நான் கொஞ்சம் மிதக்கத் தொடங்கிய நேரத்தில் ஒரு அம்மா பொறுமை இழந்து, “பேச்சு அம்புட்டும் சரிதேன் தம்பி. மூட்டுவலி மருந்த எப்ப வெளிய எடுப்ப?” என்றார். பின்னால் நின்று முடியும் சார் மட்டும் கைதட்டினார்.

கடைசியில் மதுரையிலிருந்து மேனேஜர் வந்தார். என் வேலையை நேரில் பார்த்துத்தான் என்னை வைத்துக்கொள்வதா என்று முடிவு செய்வாராம். ஊரிலேயே கடுகடுப்பான டாக்டர் முன்னால் போய் இருவரும் உட்கார்ந்தோம். எங்கள் இருமல் மருந்தின் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

“டாக்டர், நான் சிங்கம்,” என்று வந்தது.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு மேனேஜர் பக்கம் திரும்பினார். “எவ்வளவு நாளா இப்படி இருக்கு?”

அன்று சாயங்காலமே வேலை போயிற்று.

லாட்ஜ் படியில் முடியும் சார் எதிரே வந்தார். நடந்ததைச் சொன்னேன். தோல்வியின் மகிமையைப் பற்றி அவர் ஆரம்பித்தால் அடித்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். அந்தத் துணிச்சல் அவர் வகுப்பில் வந்ததுதான். ஆனால் அவர் ஒன்றும் பேசவில்லை. நேராகப் புரோட்டாக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய் எதிரில் உட்கார்ந்தார்.

எனக்கே பயமாகிவிட்டது. “ஏதாச்சும் சொல்லுங்க சார்.”

“ஒண்ணும் தோண மாட்டேங்குது அப்பு. சாப்பிடு, ஆறிப்போகும்.”

பிறகு பேச வேண்டாத தொழில் தேடி எழுத வந்தேன். பெரிய ஓட்டல்களில் கோட்டுப் போட்டவர்கள் நடத்தும் தன்னம்பிக்கைக் கூட்டங்களுக்கும் போயிருக்கிறேன். எல்லாரும் நன்றாகத்தான் பேசினார்கள். என் இலையில் சால்னா வற்றியதைப் பார்த்து, நான் கேட்காமலே “தம்பிக்கு ஊத்துங்க” என்று சொன்னவர் அவர் ஒருவர்தான்.