காருக்கு ஏற்றிய கேஸ்

2003 மே 18, ஞாயிற்றுக்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்து பால் வாங்கினேன். கிரிவலப் பாதையில், பௌர்ணமிக் கூட்டம் விட்டுச்சென்ற தண்ணீர் பாக்கெட்டுகளை மிதிக்காமல் சற்று தூரம் நடந்து திரும்பினேன். சவரம், குளியல், இட்லி. அதுவரை வழக்கமான நாள்தான்.

அன்று பதினொரு மணிக்கு எங்கள் மகள் சுதாவைப் பெண் பார்க்க வேலூரிலிருந்து வருகிறார்கள். முந்தைய இரண்டு வரன்களும் கைகூடவில்லை. வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசாத கவலை அது. பிள்ளையின் அப்பாவிடம் போனில், "பஸ் ஸ்டாண்டுக்கு ஏ.சி. காரோட வந்துடறேங்க" என்று சொல்லியிருந்தேன். (அவர் கேட்கவே இல்லை.) என் பழைய வெள்ளைக் காரில் ஏ.சி. என்று ஒரு பொத்தான் இருந்தது உண்மை. அழுத்தினால் மே மாத வெயில் நேராக முகத்துக்கு வரும்.

ஏ.சி.யில் கேஸ் குறைந்திருக்கும் என்று மைத்துனன் சென்னையிலிருந்து ஒரு கேஸ் டின்னும், அதைக் காரோடு இணைக்க ஒரு ஹோஸும் வாங்கி அனுப்பியிருந்தான். மெக்கானிக் எதற்கு? டின்னில் இருந்த குறிப்பை மூன்று முறை படித்தவனல்லவா நான்!

வாசலில் காரை ஸ்டார்ட் செய்து, ஹோஸை மாட்டிவிட்டு, உள்ளே பார்த்துக் கத்தினேன்: "வனஜா, காருக்கு கேஸ் ஏத்திட்டு வந்துடறேன்!"

எங்கள் வேங்கிக்கால் தெருவில் வீடுகள் நெருக்கம். காதுகள் அதைவிட நெருக்கம். சமையல் சிலிண்டர் கேஸைத் திருட்டுத்தனமாகக் காருக்கு எரிபொருளாக ஏற்றுவதும் அப்போது சகஜம். போதாததற்கு, வனஜா காலையில் சிலிண்டரை மாற்றிவிட்டு, காலியானதைக் காரின் பின்சக்கரத்தை ஒட்டி நிறுத்தியிருந்தாள்.

எதிர்வீட்டு தனபால், சட்டமீறலைக் கண்டால் தூக்கம் வராதவர், வேட்டியை மடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"சார்! வூட்டு சிலிண்டரையா ஏத்துறீங்க? கேஸ் ஆயிடும் சார்!"

"கேஸ் கம்மியாயிடுச்சுங்க, அதான் ஏத்துறேன்."

"நான் போலீஸ் கேஸ சொல்றேன்!"

போலீஸ் என்றதும் டின்னோடு சட்டென்று திரும்பினேன். ஹோஸ் டின்னிலிருந்து கழன்றது. 'புஸ்ஸ்' என்று வெண்புகை காரையும் என்னையும் மூடியது.

"கேஸ் லீக்! எல்லாரும் வெளிய வாங்க!" என்று தனபால் தெருவையே காலி செய்தார். வனஜா பஜ்ஜி அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள். பின்னால் சுதா, பட்டுப்புடவையும் ஒற்றை ஜிமிக்கியுமாக. இன்னொரு காதுக்கு மாட்ட நேரமில்லை.

பஸ் ஸ்டாண்டை நான் மறந்தே போயிருந்தேன். காத்திருந்து பார்த்துவிட்டு அவர்களே ஆட்டோ பிடித்து வந்துவிட்டார்கள். தனபால் இரண்டு கைகளையும் விரித்து அதை மறித்தார்.

"உள்ள போகாதீங்க! வூட்டு சிலிண்டர காருக்கு ஏத்துறேன்னு ஒரு ஆளு தெருவையே கொளுத்தப் பாக்கறாரு!"

வியர்வையோடு இறங்கிய பிள்ளையின் அப்பா கேட்டார்: "எந்த வூடுங்க?"

தனபால் என்னைக் காட்டினார். மூன்றாவது வரனும் போயிற்று. சுதாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

பிள்ளையின் அப்பா அருகில் வந்தார். டின்னைக் குனிந்து பார்த்தார். தனபாலிடம் திரும்பி, "ஏ.சி. கேஸுங்க இது, எரியாது. போன வருஷம் நானும் இதே வேலைய பாத்து வாங்கிக் கட்டிக்கினேன். உடுங்க, எங்க சம்பந்தி வூடு" என்றார்.

தனபால் கைகளை இறக்கினார். ஆட்டோவுக்குள்ளிருந்து பிள்ளையின் அம்மா குரல் கொடுத்தார்: "சம்பந்தின்னுட்டீங்களே, பொண்ண இன்னும் பாக்கவே இல்ல!"

முதலில் சிரித்தது சுதாதான். அவளைப் பார்த்துப் பிள்ளையும் சிரித்தார்.

அன்று நான் ஒழுங்காகத் திட்டமிட்ட எதுவுமே நடக்கவில்லை. அந்த ஒரு சொல்லை யாரும் திட்டமிடவில்லை. வாய் தவறி வந்ததா, என் நிலையைப் பார்த்துச் சொன்னாரா என்று அவரிடம் இதுவரை நான் கேட்டதில்லை.

மருமகன் இன்றும் என்னைப் புதியவர்களிடம் அறிமுகப்படுத்தும்போது, "மாமா மேல ஒரு கேஸ் நிலுவையில இருக்குதுங்க" என்பார். சுதா உடனே ஜிமிக்கி இல்லாமல் வந்த காதைத் தொட்டுக் காட்டுவாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் காலை, பால் வாங்கப் போகும் முன்பே, முதல் வேலையாகக் காரின் நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டேன்; இனி அதுதான் ஏ.சி.