மாப்பிள்ளை அடைத்த தூம்பு

தலை தீபாவளிக்கு வந்திருக்கும் மாப்பிள்ளை என்ன சொன்னாலும் மாமனார் வீட்டில் யாரும் மறுத்துப் பேசுவதில்லை. அது மாப்பிள்ளைக்குச் சுகம், வீட்டுக்கு ஆபத்து. எழுபதுகளின் தொடக்கத்தில் விருத்தாசலத்தில் ஒரு வீட்டுக்கு நான் அப்படிப்பட்ட ஆபத்தாகப் போய்ச் சேர்ந்தேன்.

கடலூரில் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தேன். கடலூர்க்காரன் என்பதால் புயலும் வெள்ளமும் எனக்குப் பங்காளிகள் என்பது மாதிரி பேசுவேன். (உண்மையில் எங்கள் வீடு மேட்டுத் தெருவில் இருந்தது. புயல் வந்தால் அம்மா ஜன்னலைச் சாத்துவாள், நான் போர்த்திக்கொண்டு தூங்குவேன்.) தீபாவளியன்று இலையில் உட்கார்ந்தபடி, கடலூர் வெள்ளத்தை நான் எப்படியெல்லாம் சமாளித்தேன் என்று அளந்துவிட்டேன். மாமனார் பீங்கான் பட்டறையில் சூளை பார்ப்பவர், அதிகம் பேசாதவர். வடையைப் பிட்ட கையோடு அப்படியே கேட்டுக்கொண்டிருந்தார். எல்லா வினையும் அங்கேதான் ஆரம்பித்தது.

மறுநாள் விடிந்ததிலிருந்து மழை நிற்கவில்லை. தெருவில் தண்டோரா போட்டுக்கொண்டு போனார்கள். மணிமுத்தாற்றில் வெள்ளம் வருகிறது, கரையோரம் இருப்பவர்கள் ஜாக்கிரதை. ஆறு மாமனார் தெருவுக்கு அடுத்த தெருவுக்கும் அப்பால் ஓடியது. மழை கொஞ்சம் ஓயும்போதெல்லாம் அதன் இரைச்சல் கூடத்துக்குள் வந்தது. பால்காரர் மேலே அணையைத் திறந்துவிட்டதாகச் சொன்னார். பெண்ணாடம் பஸ் பாதி வழியிலேயே திரும்பிவிட்டது என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

மாமனார் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

“பட்டறையில சாமானெல்லாம் தரையில கெடக்குது. மேல ஏத்திட்டு வந்துடறேன். வூட்டுல மாப்ள இருக்காரு, எனக்கென்ன கவல?”

வீட்டில் இருந்தது என் மனைவி செண்பகம், மாமியார், பிரசவத்துக்கு வந்திருந்த செண்பகத்தின் அக்கா. அக்காவுக்கு நிறைமாதம். அவர் ஒவ்வொரு முறை இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழும்போதும் எனக்கு வியர்த்தது. இந்த நிலையில் ஆறு உள்ளே வந்தால் அவரை யார் தூக்குவது? என் உடம்பை நான் குனிந்து பார்த்துக்கொண்டேன். நம்பிக்கை வரவில்லை.

எனவே ஆற்றை வாசலிலேயே நிறுத்துவது என்று முடிவெடுத்தேன். கொல்லையில் மூட்டை மூட்டையாகப் பீங்கான் மண் இருந்தது. மாமியார் வீட்டிலேயே மண்ணை அச்சில் அழுத்திப் பொம்மை செய்து பட்டறைக்குக் கொடுப்பார். அந்த மண்ணைப் பிசைந்து வாசற்படியிலும் கொல்லைப் படியிலும் வரப்பு போட்டேன். பிறகு முற்றத்துக்கு வந்தேன். நடுவில் வானம் தெரியும் பழைய வீடு அது. நாலு பக்கக் கூரைத் தண்ணீரும் முற்றத்தில் விழுந்து, மூலையில் இருந்த தூம்பு வழியாகப் பக்கத்துச் சந்துக்குப் போய்விடும். அந்த ஓட்டை என்னை முறைத்தது. ஆறு திருட்டுத்தனமாக வர நினைத்தால் இதன் வழியாகத்தானே வரும்?

அரை மூட்டை மண்ணை அதற்குள் திணித்தேன்.

செண்பகம் ஓடி வந்தாள். “ஏங்க, அதப் போயி எதுக்கு அடைக்கிறீங்க? ஆறு இதுவரைக்கும் நம்ம வூட்டுக்கு வந்ததே இல்லீங்க.”

“வந்த பிறகு அடைக்க முடியுமா?” என்றேன். (பதில் சரியாகத்தான் இருந்தது. இன்றைக்கும் அதில் எனக்குக் குற்றம் தெரியவில்லை.)

அடுத்து சாமான்களைப் பரணில் ஏற்றினேன். அரிசி, பருப்பு, படுக்கை, பலகாரத் தூக்கு, என்னுடைய தீபாவளி வேட்டி. கூடத்து ஓரம் முழுக்க மாமியார் செய்து காயவைத்திருந்த பொம்மைகள் வரிசையாக நின்றன. மாமியார் கதவுக்குப் பின்னால் நின்று செண்பகத்தின் காதில் ஏதோ சொன்னார். அந்தக் காலத்து மாமியார், மாப்பிள்ளையிடம் நேரே பேச மாட்டார்.

“பொம்மைங்கள மேல வெக்கலாமான்னு அம்மா கேக்குறாங்க.”

“பீங்கான் தண்ணியில கரையுமா? பீங்கான் கோப்பையிலதானே டீ குடிக்கிறோம்?”

கதவுக்குப் பின்னால் ஒரு பெருமூச்சு கேட்டது. சூளையில் சுடாத வரைக்கும் அது வெறும் மண் என்று மாப்பிள்ளைக்கு எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. செண்பகத்துக்குத் தெரியும். ஆனால் அவள் வாயைத் திறப்பதற்குள் நான் பரணில் ஏறிவிட்டேன்.

மத்தியானத்துக்கு மேல் மழை கொட்டியது. கரண்டு போய்விட்டது. கூரையிலிருந்து தண்ணீர் நாலு அருவியாக முற்றத்தில் இறங்கியது. சற்று நேரத்தில் முற்றம் நிரம்பி, தண்ணீர் கூடத்துத் தரையில் மெதுவாக ஊர்ந்து வந்தது. என் காலைத் தொட்டதும் பின்னால் குதித்தேன்.

“ஆறு வந்துட்டுது,” என்றேன்.

“ஆறு இல்லீங்க, மழத்தண்ணி. அந்தத் தூம்பத் தொறங்க.”

“தொறந்தா மொத்த ஆறும் உள்ள வந்துரும்.”

தூம்பின் மேல் இன்னும் மண்ணைப் போட்டேன். தண்ணீர் இன்னும் ஏறியது. கட்டிலின் மேல் பெஞ்சைப் போட்டு, அதன் மேல் அக்காவை உட்காரவைத்தேன். அவர் உத்திரத்தைப் பிடித்துக்கொண்டு, “எனக்கு இங்கேருந்து விழுந்துடுவேன்னுதான் பயமா இருக்குது தம்பி,” என்றார். தண்ணீர் முழங்காலை நெருங்கியது. அதன் நிறமும் மாறியது. பால் மாதிரி வெள்ளை. அணை உடைந்தால் தண்ணீர் இந்த நிறத்தில்தான் வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொம்மைகள் நின்ற இடத்தில் ஒன்றும் இல்லை என்பதை நான் கவனிக்கவில்லை.

முற்றத்துத் தூணைப் பிடித்து ஓட்டுக் கூரையில் ஏறினேன். உச்சிக்குப் போய், தெருப்பக்கம் திரும்பி, “காப்பாத்துங்க, ஆறு வூட்டுக்குள்ள வந்துட்டுது” என்று உயிரைக் கொடுத்துக் கத்தினேன்.

கத்திவிட்டுத்தான் பார்த்தேன். தெருவில் ஆறு இல்லை. ஒரு அம்மாள் முக்காடு போட்டுக்கொண்டு கடைக்குப் போய்க்கொண்டிருந்தார். எதிரில் டீக்கடையில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கிளாஸை வாயருகே நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“எந்த ஆறுங்க?” என்றார் மரியாதையாக.

அதற்குள் யாரோ பட்டறைக்கு ஓடி, உங்கள் வீடு முழுகிவிட்டது என்று சொல்ல, மாமனார் கயிறும் கடப்பாரையுமாக ஓடி வந்தார். கூடவே பட்டறை ஆட்கள். தெருவைப் பார்த்தார், கூரை மேல் என்னைப் பார்த்தார். செண்பகம் ஜன்னல் வழியாக ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்:

“தூம்பு.”

அவர் சந்துக்குள் போய், வெளியிலிருந்து ஓட்டைக்குள் கடப்பாரையை விட்டு ஓங்கி ஒரு குத்து குத்தினார். மண்ணைக் குறை சொல்ல முடியாது, நன்றாகத்தான் பிடித்திருந்தது. இன்னொரு குத்தில் உடைந்தது. வீட்டிலிருந்த வெள்ளை வெள்ளம் முழுக்கச் சந்தில் பாய்ந்தது. மாமனார் தலை முதல் கால் வரை சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி நின்றார். கண்ணை மட்டும் துடைத்துக்கொண்டு மேலே பார்த்தார்.

“மாப்ளைக்கு ஒண்ணும் ஆவலியே?”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். உள்ளே பெஞ்சின் மேலிருந்து அக்கா சிரிக்க ஆரம்பித்தார். “சிரிக்காதடி, வலி எடுத்துடும்” என்று மாமியார் பதறியது கூரை வரை கேட்டது.

அன்று ஆறு கரையைத் தாண்டவே இல்லை. அந்தத் தெருவில் வெள்ளம் புகுந்த ஒரே வீடு எங்களுடையது. மாமியாரின் உழைப்பு முழுக்கக் கரைந்து போயிருந்தது. அவர் தரையில் படிந்த மண்ணை முறத்தால் வழித்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த பிறகு எனக்கு ஊருக்குக் கிளம்ப மனம் வரவில்லை. லீவை நீட்டித்து, அவருக்கு எதிரில் உட்கார்ந்து அச்சில் மண் அழுத்தினேன். என் கையில் பிறந்த பொம்மைகள் எல்லாம் எங்கேயோ பார்த்தன. இரண்டாம் நாள் மாமியார் பொறுக்க முடியாமல் முதல்முறையாக என்னிடம் நேரே பேசினார்.

“கண்ணு வர்ற எடத்துல அவ்ளோ அழுத்தாதீங்க, மாப்ள.”

அதற்கப்புறம் அவர் கடைசி வரைக்கும் என்னிடம் நேரேதான் பேசினார். அக்காவுக்குப் பையன் சுகமாகப் பிறந்தான். கூடத்துச் சுவரில் தண்ணீர் நின்ற உயரத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு விழுந்திருந்தது. சுவருக்கு நீல வண்ணம் அடித்தபோதும் மாமனார் அந்தக் கோட்டை விட்டுவைத்தார். வருகிறவர்கள் “ஆறு வந்துச்சா?” என்று கேட்பார்கள். “இல்ல, மாப்ள வந்தாரு” என்பார்.

இப்போது எனக்கே மாப்பிள்ளை வந்துவிட்டார். அவருடைய தலை தீபாவளிக்கு எங்கள் வீட்டில் முதல் காபி ஆறுவதற்குள் செண்பகம் இந்தக் கதையைச் சொல்லி முடித்திருந்தாள். அவர் நல்ல பிள்ளை, சிரிக்காமல் கேட்டுக்கொண்டார். சாயங்காலம் லேசாகத் தூறல் போட்டது. நான் எழுந்து ஜன்னலைச் சாத்தப் போனேன். அவர் பின்னாலேயே வந்து, குரலைத் தாழ்த்தி, மிகுந்த மரியாதையோடு கேட்டார்:

“மாமா, இந்த வூட்டுல தூம்பு எந்தப் பக்கம் இருக்குதுங்க? நான் போயி அங்க நின்னுக்கறேன்.”