சமையலறையில் விமலா

எனக்குச் சந்தேக புத்தி ஜாஸ்தி. அதனால் என் கல்யாணமே நின்று போகப் பார்த்தது என்று ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. (இருக்கிறது. மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருப்பதால் இப்படி எழுதுகிறேன்.)

தொண்ணூறுகளின் கடைசி. வேங்கிக்காலில் ஒரு மாடி போர்ஷனில் தனியாக இருந்தேன். ஆபீஸ் நண்பர் ஒருவர் மாற்றலாகிப் போகும்போது, தன் மகள் வளர்த்த இரண்டு கினிப் பன்றிகளை என் தலையில் கட்டிவிட்டார். பெயரில்தான் பன்றி, பார்த்தால் வாலில்லாத கொழுத்த எலி. கமலா, விமலா என்று பெயர். "ரெண்டும் அக்கா தங்கச்சி மாதிரி சார்" என்றார். எந்த வீட்டு அக்கா தங்கச்சி என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

ஒரே கூண்டு, ஒரே தட்டு, ஒளிந்துகொள்ள ஒரே அட்டைப்பெட்டி. முதல் நாளே கமலா பல்லைக் கடகடவென்று கடித்தாள். விமலா கீச்சென்று அலறினாள். அகத்திக்கீரையைச் சரிபாதி பிரித்துப் போட்டாலும் கமலாவுக்கு விமலாவின் பங்குதான் வேண்டும். "ஏய் கமலா, விமலாவ விடுடி" என்று தினமும் கத்திக் கத்தித் தொண்டை கட்டியது. விமலாவின் காது கிழிந்த அன்று, அவளைச் சமையலறைக்கு மாற்றினேன்.

வீட்டுக்காரர் குடிவரும்போதே, "நாய், பூனை, கிளி எதுவும் கூடாது தம்பி" என்று சொல்லியிருந்தார். அதனால் கீரைக்காரம்மா முதல் எதிர்வீட்டு அம்மா வரை எல்லோரும் அவருடைய உளவாளிகள் என்றே நினைத்தேன்.

அப்போதுதான் தரகர் ஒருவர் கீழ்பென்னாத்தூரில் எனக்குப் பெண் பேசியிருந்தார். ஏற்கெனவே மூன்று இடம் தட்டிப்போயிருந்தது. இந்தப் பெண்ணின் போட்டோ என் சட்டைப்பையை விட்டு இறங்கவே இல்லை, அவ்வளவு பிடித்திருந்தது. பெண் வீட்டிலிருந்து விசாரிக்க வருவார்கள் என்று தெரியும். ஆனால் ஆபீசுக்குத்தான் வருவார்கள் என்று நினைத்து, பியூனுக்கு ஒரு வாரமாக டீயும் வடையும் வாங்கிக் கொடுத்துத் தயார் செய்து வைத்திருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வெள்ளைச் சட்டை போட்ட ஒருவரிடம் எதிர்வீட்டு அம்மா என் வீட்டைக் கைகாட்டிப் பேசிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரரின் ஆள்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். அவர் மாடியேறி வந்தார்.

"வாடகைக்கு வீடு தேடறேங்க. இங்க நீங்க மட்டும்தானா?"

"நான் மட்டும்தாங்க."

உள்ளே விமலா கீச்சிட்டாள்.

"அது யாருங்க?"

"ரேடியோ."

"தினம் கமலா, விமலானு சத்தம் கேக்குதுன்னு எதிர்வீட்ல சொன்னாங்களே?"

மாட்டிக்கொண்டேன். அவர் கையைப் பிடித்தேன்.

"உண்மைய சொல்லிட்றேங்க. ரெண்டு பேர் இருக்காங்க. ஃப்ரெண்டு மாத்தலாகிப் போறப்ப விட்டுட்டுப் போனாரு. ரெண்டு பேருக்கும் ஒத்துப்போகல, அதான் ஒருத்திய சமையல் ரூம்ல அடைச்சி வெச்சிருக்கேன். வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடாதீங்க. வேணும்னா ஒருத்திய நீங்க இட்டுனு போங்க."

கையை உதறிக்கொண்டு அவர் இரண்டிரண்டு படியாக இறங்கினார். மறுநாள் தரகர் ஆபீசுக்கே வந்துவிட்டார். "நேத்து வந்தவர் பொண்ணோட அப்பாதாம்பா. வீட்ல ரெண்டு வெச்சிக்கினு மூணாவதா எம்பொண்ணு கேக்குதானு கேக்கறாரு."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அன்று மாலையே இரண்டு காய்கறிக் கூடைகளோடு கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறினேன். கதவைத் திறந்தவரிடம், "இதுதாங்க கமலா. இது விமலா" என்றேன்.

வெகுநேரம் குனிந்து பார்த்தார். பிறகு, "இதுங்க சரி. அந்த ரெண்டு பேர் எங்க?" என்றார்.

உள்ளேயிருந்து போட்டோவில் இருந்த பெண் வந்தாள். விமலாவைத் தூக்கிக் கிழிந்த காதைத் தடவிப் பார்த்தாள். அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை இதுதான்: "ஒரே தட்டு, ஒரே பெட்டி வெச்சா யார்தான் சண்ட போடமாட்டாங்க? எல்லாத்தையும் ரெண்டு ரெண்டா வைங்க."

வைத்தேன். கமலாவும் விமலாவும் அடங்கினார்கள். கல்யாணமும் நடந்தது. ஆனால் மாமனார் இன்றைக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தால் சமையலறையை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறார். எனக்கும் மனைவிக்கும் சண்டை முற்றினால், அவள் தன் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து நின்று கேட்பாள்:

"சரி, இந்த மூணாவத எந்த ரூம்ல வெக்கப் போறீங்க?"