பெருங்குரங்கின் ஆறாவது விரல்

இந்தப் பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிப்பதில்லை என்று அறிவுச்செல்வன் முடிவெடுத்துவிட்டார். தலையே போனாலும் பிரஷ்ஷைத் தொடுவதில்லை.

"எனக்கு ஆராய்ச்சி இருக்கு, வினோ. உலகமே காத்துக்கிட்டிருக்கு."

உலகம் என்று அவர் சொன்னது இணையத்தில் இருந்த ஒரு குழுவை. மலைக்காட்டில் இரண்டு காலில் நடக்கும் பெருங்குரங்கு ஒன்று உண்டு என்று நம்புகிறவர்கள் அவர்கள். குரங்கை ஒருவரும் பார்த்ததில்லை. சேற்றில் கிடந்த தடங்களில் பிளாஸ்டர் ஊற்றி அச்செடுத்து வைத்திருந்தார்கள். அந்த அச்சுகளை எல்லாப் பக்கமும் படமெடுத்து, கம்ப்யூட்டரில் முப்பரிமாண உருவமாக்கிச் சேமித்து வைக்கும் பொறுப்பை இவர் தானாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். பார்சலும் காரைக்கால் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

மனைவி வினோதினி சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தார். அவளோ ஒரு அச்சைத் தூக்கித் தன் காலோடு வைத்து அளந்து பார்த்தாள்.

"அம்மாடி, எவ்ளோ பெருசு! பெருவிரல் மட்டும் ஏங்க தள்ளி நிக்குது?"

"மரம் ஏற."

"மரம் ஏறுறது எதுக்குங்க சேத்துல நடக்குது?"

கேள்வியைக் குழுவுக்கு அனுப்பக் குறித்துக்கொண்டார். மனைவி கேள்வி கேட்டதில் அவருக்குப் பரம சந்தோஷம்.

ஹாலில் சுழல் நாற்காலியில் அச்சை வைத்துத் திருப்பித் திருப்பிப் படமெடுத்தார். கம்ப்யூட்டர் ஒட்டிக் கொடுத்த காலில் ஆறு விரல்கள்! மனிதர் துள்ளிக் குதித்தார். வினோதினி திரையையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"விரல் இல்லீங்க. நம்ம சுவத்துல காரை பேந்த இடம். அதையும் சேத்து ஒட்டிருச்சு."

அதேதான். உப்புக்காற்று அரித்த சுவர்.

"பின்னால வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டா?"

"கடல் காத்துல ஆடுமே. அதை என்ன உறுப்புன்னு காட்டுமோ! ஆறு விரல்னு அனுப்பிட்டு, குழுவுல உங்க மானம் போகக் கூடாதுங்க."

மானப் பிரச்சினை. காரையைப் பூசி, ஹால் முழுக்க வெள்ளையடித்தார். விரல் ஐந்தானது.

அடுத்த அச்சோடு வந்தால், ஹாலில் கால் வைக்க இடமில்லை. சமையலறைச் சாமான் மொத்தமும் அங்கே கிடந்தது.

"காலை வெளிச்சம் சமையக்கட்டுலதாங்க அள்ளுது. உங்களுக்காகத்தான் ஒழிச்சு வச்சேன்."

என்ன அக்கறை! அவருக்குக் கண் கலங்கியது. அங்கே சுவரில் படிந்த கரி, குரங்கின் குதிகாலில் கற்றை முடியாக வந்து நின்றது. வெள்ளையடித்தார். படுக்கையறையில் தொங்கிய ஒயர் வாலாக முளைத்தது. ஒயரைக் கழற்றி, ஒட்டடை அடித்து, அங்கும் வெள்ளையடித்தார். குரங்கு தேறத் தேற வீடும் தேறியது. அவர் கண்ணுக்குக் குரங்குதான் தெரிந்தது.

போகி நெருங்கியது. முழங்கைவரை சுண்ணாம்போடு, மிச்சமிருந்த ஒரே அச்சைத் தேடி உள்ளே போனார். வினோதினி அதை ஒரு பையில் பத்திரமாக வைத்தபடி, கருக்களாச்சேரியில் இருக்கும் தன் அம்மாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"அங்க வெள்ளையடிக்க ஆள் சொல்லிடாதம்மா. இங்க ஒரு கால் மிச்சமிருக்கு. அதோட உன் மாப்புள்ளைய அனுப்பி வைக்கிறேன்."