பதினான்காம் எண் இடத்தில் நிற்கும் வண்டி

மோட்டார் சைக்கிள்களை வண்டி நிறுத்தும் இடத்தில்தான் நிறுத்த வேண்டும் என்று அந்த அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கம் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. இதில் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? படித்த எல்லோரும், எழுதியவர் ரொம்ப யோசித்துத்தான் எழுதியிருக்கிறார் என்று பாராட்டினார்கள்.

கீழ்த்தளத்தில் இருபத்திரண்டு வண்டிகளுக்கு இடம். குடியிருப்போரிடம் இருந்தவையோ முப்பத்தொன்று. அதுவரை இந்தக் குறையை இடித்தும் நெருக்கியும் முணுமுணுத்தும் சமாளித்து வந்தார்கள். ஒருத்தர் வண்டியின் ஹேண்டில்பார் இன்னொருத்தர் கண்ணாடியில் மாட்டிக்கொண்டிருக்கும். தன் வண்டியை எடுக்க நாலு வண்டியை நகர்த்தி, ஐந்தாவதைச் சாய்த்து, ஆறாவதன் சொந்தக்காரரைத் தூக்கத்திலிருந்து எழுப்ப வேண்டும். ஆனாலும் எல்லா வண்டியும் எப்படியோ வெளியே போயின, எப்படியோ உள்ளே வந்தன.

இந்த ஒழுங்கீனத்தைச் சகிக்க முடியாதவர் சங்கச் செயலாளர். ஏதோ ஒரு துறையில் துணை இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை அவரை விட்டாலும் அவர் வேலையை விடவில்லை. வாரம் ஒரு சுற்றறிக்கை ஒட்டுவதால் அவருக்குச் சுற்றறிக்கை என்றே பெயர் நிலைத்துவிட்டது.

தீர்மானத்தை ஒட்டி அவர் இருபத்திரண்டு பேருக்கு எண் போட்டு இடம் ஒதுக்கி, மிச்சம் ஒன்பது பேரைக் காத்திருப்போர் பட்டியலில் சேர்த்தார். கூடவே வெளியிட்ட விதி இது: ‘பயன்பாட்டில் உள்ள இடம் மட்டுமே உரியவரிடம் நீடிக்கும். தினமும் காலை ஆறு மணிக்கு ஆய்வு நடைபெறும். மூன்று ஆய்வுகளில் வெறுமையாகக் காணப்படும் இடம் கைவிடப்பட்டதாகக் கருதப்பட்டு, காத்திருப்போர் பட்டியலில் உள்ளவருக்கு வழங்கப்படும்.’

பதினான்காம் எண் இடத்துக்குச் சொந்தக்காரர் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தார். விடிவதற்குள் வீடு வீடாகப் போய், வெறும் வயிற்றோடு காத்திருக்கும் சர்க்கரை நோயாளிகளிடம் ரத்தம் எடுத்து வருவது அவர் வேலை. கட்டடத்தில் அவரை ரத்தக்காரர் என்பார்கள். பத்து வருஷத்துக் கறுப்பு வண்டி ஒன்று வைத்திருந்தார். எந்தக் குளிரிலும் ஒரே உதையில் கிளம்பும். ஞாயிற்றுக்கிழமை அதைக் கழுவித் துடைத்து, சங்கிலிக்கு எண்ணெய் விட்டு, அப்படியே ஒரு நிமிஷம் நின்று பார்ப்பார். அந்த வண்டிமேல் அவருக்கு அவ்வளவு உயிர்.

அவர் ஐந்தரைக்கே கிளம்பிவிடுவார். ஆறு மணி ஆய்வில் பதினான்காம் எண் மூன்று நாளும் காலி. நோட்டீஸ் வந்தது. அதை எடுத்துக்கொண்டு செயலாளர் வீட்டுக்கு ஓடினார்.

“வண்டி எங்க இருந்தது?” என்றார் சுற்றறிக்கை.

“ஓட்டிட்டுப் போயிருந்தேன் சார்.”

“எதுக்கு?”

“எதுக்குன்னா... ஓட்டத்தானே சார் வண்டி?”

“அப்ப உங்களுக்கு வேண்டியது ரோடு. அது வெளியில நிறைய இருக்கு. இங்க நாங்க குடுக்கறது நிறுத்த இடம். நிறுத்தறவங்களுக்குத்தான் குடுக்க முடியும்.”

“ராத்திரி பூரா நிறுத்தித்தான் சார் வெச்சிருக்கேன்.”

“ராத்திரி ஆய்வு இல்லையே தம்பி. ஆய்வுல இல்லாததை நான் எப்படி இருக்குன்னு எழுதறது?” என்ற சுற்றறிக்கை, ஜன்னல் வழியே கீழே காட்டினார். “முதல் நம்பரைப் பாருங்க. வாங்கி எட்டு மாசமாச்சு. ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஆப்சென்ட் உண்டா?”

முதலாம் எண்ணில் இருந்தது சாகசம் என்று பேர் வாங்கிய இளைஞனின் வண்டி. எருமைக்கடா அளவு இருக்கும். அதோடு தோல் ஜாக்கெட், முட்டிக் கவசம், விரலில்லாத கையுறை எல்லாம் வாங்கியிருந்தான். தினமும் மாலை எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு வண்டிமேல் உட்கார்ந்து போட்டோ எடுப்பான். பிறகு இறங்கி, வெள்ளி நிற உறையைப் போட்டு மூடிவிடுவான். ஆபீசுக்குப் போவதும் வருவதும் பஸ்ஸில்தான். அவனைப் பார்த்து வெள்ளி உறை போடுவது கட்டடத்தில் நாகரிகமாகி, பழைய ஸ்கூட்டர்கூட மாப்பிள்ளைக் கோலத்தில் நின்றது.

“ஏழு நாள் அவகாசம் தர்றேன்” என்று கதவைச் சாத்தினார் சுற்றறிக்கை.

ரத்தக்காரரின் மனைவி விஷயத்தைக் கேட்டுவிட்டு, “இதுக்கு ஏங்க முழிக்கிறீங்க? வண்டி நிக்கட்டும், நீங்க ஓடுங்க” என்றாள்.

ஓடினார். பஸ் பிடித்து, இறங்கி, சந்து சந்தாக நடந்து போவதற்குள் எட்டரை ஆனது. “நீ ரத்தம் எடுக்க வர்றதுக்குள்ள எனக்கு ரத்தமே வத்திடும் போலிருக்கே!” என்று ஒரு அம்மா காய்ச்சி எடுத்தாள். பசி தாங்காத ஒருவர் ரகசியமாக இரண்டு பன்னைத் தின்றுவிட்டு ரத்தம் கொடுத்தார். அவருக்கு டாக்டர் மாத்திரையை இரட்டிப்பாக்கினார். பரிசோதனைக் கூட மேலாளர், “இன்னும் ஒரு நாள் லேட்டானா வேற ஆள் பாத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் ரத்தக்காரர் பழைய இரும்புக் கடைக்குப் போனார்.

“ஒரு வண்டி வேணும்.”

“இன்ஜின் இருக்கறதா?”

“இல்லாதது. நின்னாப் போதும்.”

கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஒரு வண்டிக் கூட்டை இழுத்து வந்து கொடுத்தார். அதைப் பதினான்காம் எண்ணில் நிறுத்தி, வெள்ளி உறையைப் போட்டு, நல்ல வண்டியைத் தெருவில் மதிலோரம் வைத்தார். மறுநாள் ஆறு மணிக்குச் சுற்றறிக்கை வந்து கைத்தடியால் உறைமேல் தட்டினார். தகரச் சத்தம் கேட்டது. டிக் அடித்தார். மாதக் கடைசியில் ‘முழு வருகை’ என்று பாராட்டுக் கடிதமே வந்தது.

இப்படிப்பட்ட விஷயம் எத்தனை நாள் ரகசியமாக இருக்கும்? காலையில் வேலைக்குப் போகிற எல்லோருக்கும் அதே தலைவலிதான். ஒவ்வொருவராக இரும்புக் கடைக்கு நடந்தார்கள். கடைக்காரர் எடைக்கு விற்பதை நிறுத்திவிட்டு, மாடல், கலர் என்று பேச ஆரம்பித்தார். இரண்டு மாதத்தில் முதலாம் எண்ணைத் தவிர மற்ற இருபத்தொரு இடங்களிலும் பிணங்கள் நின்றன. உயிருள்ள வண்டிகள் எல்லாம் தெருவில் மழையில் நனைந்தன. கீழ்த்தளத்தில் எண்ணெய்க் கறை இல்லை, புகை இல்லை, சத்தம் இல்லை. ‘உறுப்பினர்களின் ஒத்துழைப்பால் நமது நிறுத்துமிடம் முன்மாதிரியாகத் திகழ்கிறது’ என்று சுற்றறிக்கை பூரித்துப் போனார்.

அப்போது மாநகராட்சிக்கும் ஒழுங்கு ஞாபகம் வந்தது. ‘கைவிடப்பட்ட வாகனங்கள் அகற்றும் வாரம்’ என்று அறிவித்து, தெருவில் நின்ற அத்தனை வண்டிகளையும் ஒரே ராத்திரியில் லாரியில் அள்ளிப் போனார்கள்.

ரத்தக்காரர் மற்ற வண்டிக்காரர்களோடு மாநகராட்சி அலுவலகத்துக்கு விரைந்தார். வண்டி நிறுத்த நிரந்தர இடம் உள்ளவர் என்று சங்கத்தில் கடிதம் வாங்கி வந்தால் வண்டி கைவிடப்பட்டதல்ல என்று ஏற்றுக்கொள்வோம் என்றார்கள். இடமே இல்லாத ஒன்பது பேருக்கு அங்கேயே கதை முடிந்தது. மற்றவர்களுக்குச் சுற்றறிக்கை சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

ரத்தக்காரர்தான் வரிசையில் முதல் ஆள். கவுன்ட்டரில் இருந்த எழுத்தர் கடிதத்தை நிதானமாக, சத்தம் போட்டுப் படித்தார்.

“‘இந்த எண்ணுள்ள இவரது ஒரே வண்டி, பதினான்காம் எண் இடத்தில் ஒரு நாளும் தவறாமல் நிற்கிறது என்று சான்றளிக்கிறேன்.’ ரொம்ப நல்ல கடிதம். உங்க வண்டி அங்க நிக்குது. அப்புறம் இங்க எதுக்கு வந்தீங்க?”

“சார், அதோ அந்தக் கறுப்பு வண்டிதான் சார் என்னது.”

ஜன்னலுக்கு வெளியே, முற்றத்தில், அவருடைய வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. அதைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கியது.

“அதே நம்பர்ல ரெண்டு வண்டி இருக்க முடியாதே! அங்க நிக்கறது நிஜம்னா இங்க கிடக்கறது போலி. போலி நம்பர் வண்டிக்கு உரிமை கோரினா கேஸ் ஆகும். ஒரே கேள்விதான். பதினாலுல நிக்கறது உங்க வண்டியா, இல்லையா?”

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தார்கள்.

“சொல்லிடாதீங்க! உங்க உறையைத் தூக்கினா எல்லார் உறையையும் தூக்குவாங்க” என்று காதோரம் ஒரு குரல்.

கதை முடிந்த ஒன்பது பேரும் வீட்டுக்குப் போகாமல் சுவரோரம் நின்றிருந்தார்கள். காத்திருப்போர் பட்டியலில் முதலில் இருந்தவர், பதினான்காம் எண் கேட்டு எழுதிய விண்ணப்பத்தை விசிறிக்கொண்டே ரத்தக்காரர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த விசிறலைப் பார்க்கப் பார்க்க ரத்தக்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவனுக்கா என் இடம்?

“ஆமா சார். அங்க நிக்கறதுதான் என் வண்டி” என்றார்.

“அப்ப கவலையே வேணாம், பத்திரமா இருக்கு. அடுத்தது!” என்று எழுத்தர் முத்திரை குத்தினார்.

அடுத்தவரும் ஆமா என்றார். அதற்கடுத்தவரும். அவர்கள் வெளியே வந்தபோது, உரிமை கோர ஆளில்லை என்று அங்கேயே விட்ட ஏலத்தில் எடுத்த வண்டிகளை இரும்புக் கடைக்காரர் முற்றத்தில் ஒவ்வொன்றாக லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார். தெரிந்த முகங்கள் என்பதால் எல்லோருக்கும் வணக்கம் வைத்தார்.

கையில் ஹெல்மெட்டைப் பிடித்தபடி எல்லோரும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்கள். கீழ்த்தளத்தில் சாகசம் ஜாக்கெட்டும் கையுறையுமாகக் காத்திருந்தான். முகம் என்னவோபோல் இருந்தது.

“அண்ணே, இந்தக் கட்டடத்துலயே ஓடற வண்டி இப்ப என்னது ஒண்ணுதானாம். எல்லாரும் என்னையே பாக்கறாங்க. உண்மையைச் சொல்லிடறேன், எனக்கு ஓட்டத் தெரியாது. நீங்க கத்துக் குடுங்கண்ணே. வேணும்னா காலையில வேலைக்கு நீங்களே எடுத்துட்டுப் போங்க.”

ரத்தக்காரர் உறையை விலக்கிச் சாவியைத் திருப்பினார். பொத்தானை அழுத்தியதும் இன்ஜின் உறுமியது. கீழ்த்தளத்தில் அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனை நாளாகிவிட்டது! மாடிகளில் ஜன்னல்கள் திறந்து, எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். ரத்தக்காரர் ஒரு முறை முறுக்கிப் பார்த்தார். பிறகு இன்ஜினை அணைத்து, உறையை இழுத்து மூடி, முடிச்சை நன்றாக இறுக்கினார்.

“வேணாம் தம்பி” என்றார் அக்கறையோடு. “வெளிய எடுத்தா இடம் போயிடும்.”