நூற்றிநாலு தேடிய பெயர்

மட்டக்களப்பு வாவிக்கரை முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும், நகராத கப்பலில் ஏழு வருடம் இருந்துவிட்டு வந்தவர் எங்கள் நூற்றிநாலைத் தவிர வேறு யாரும் அகப்படமாட்டார்.

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதுகளில் நான் வளர்ந்த, பாதிரிமார் நடத்திய அனாதைப் பையன்கள் விடுதிக்கு அவர்தான் காவல்காரர். நடக்கப் பழகிய வயதில் ஒரு துரை அவரை இங்கிருந்து சீமைக்குக் கொண்டுபோனாராம். பிறகு சலித்துப்போய் ஒரு தருமக் கப்பலில் விட்டுவிட்டார். ஆற்றில் நங்கூரமிட்டு நின்ற கிழட்டுக் கப்பல் அது. ஏழைப் பையன்களையும் அனாதைகளையும் மாலுமியாக்கும் பள்ளிக்கூடம். அங்கே யாருக்கும் பெயர் கிடையாது, இலக்கம்தான். இவர் நூற்றிநாலு. வளர்ந்தபின் அந்த இலக்கத்தோடுதான் ஊர் திரும்பினார்.

வேலைக்கு வந்த முதல் நாளே விடுதியைக் கப்பலாக்கினார். தளத்தை மணல் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும் என்று உத்தரவு. எங்களுடையதோ சாணி மெழுகிய மண்தரை. பத்து வாளித் தண்ணீரில் முழங்கால் வரை சேறு. சமையல்காரி பொன்னம்மாக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

"இனி நெல்லு வெதைக்கலாம் போல கிடக்கு!"

"கப்பலெண்டா ஈரமாத்தான் இருக்கும்" என்றார் அவர், வழுக்கி விழுந்த இடத்திலிருந்தே.

இலக்கம் வைக்கும் வழக்கத்தை மட்டும் அவர் எங்களிடம் கொண்டுவரவில்லை. தினமும் காலையில் வாவிக்கரையில் வரிசையாக நிறுத்தி, எங்கள் பெயரையும் தகப்பன் பெயரையும் கத்தச் சொல்வார். 'மகனே' என்பது அவர் வாயில் 'மனெ'.

"கேக்கல்ல மனெ! அக்கரைக்குக் கேக்கோணும்!"

தோணிக்காரர்கள் துடுப்பை விட்டுவிட்டுச் சிரிப்பார்கள். எங்களுக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும்.

காரணம் பிறகுதான் தெரிந்தது. கரையில் நின்று அம்மா தன்னைக் கூப்பிட்ட குரல் அவருக்கு நினைவிருந்தது. கூப்பிட்ட பெயர்தான் நினைவில் இல்லை. கப்பல் பதிவேட்டில் இருக்கும் என்று நம்பி, வருடம் தவறாமல் சீமைக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் பதில் வந்தது. குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, எங்களையெல்லாம் உட்காரவைத்துப் பிரித்தார். பதிவேட்டில் நூற்றிநாலுக்கு நேரே இருந்தது இவ்வளவுதான்: 'சுதேசிப் பையன், இலங்கை.'

மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அன்று அவர் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை வரிசையில், எங்களில் சிறியவனான சாமித்தம்பி தன் பெயரைக் கத்திவிட்டு அவரிடம் போனான்.

"என்ட அப்பாட பேரு சும்மாதானே கிடக்கு. நீங்க எடுங்க."

அவர் அவனைத் தூக்கிக்கொண்டார். முகம் கோணிப்போயிற்று.

"எடுத்த பேரு என்னத்துக்கு மனெ? அம்மா கூப்பிட்ட பேரெல்லோ வேணும்."

அவர் செத்தபோது கல்லறைச் சிலுவையில் எழுதப் பெயர் இல்லை. இலக்கத்தை எழுத எங்களுக்கு மனம் வரவில்லை, வெறுமையாகவே நட்டோம்.

எனக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். இன்றும் காலையில் எழுந்ததும் என் பெயரையும் அப்பா பெயரையும் உரக்கச் சொல்கிறேன். வீட்டில் கிழவனுக்குக் கழன்றுவிட்டது என்கிறார்கள். சொல்லி முடித்ததும் கொஞ்சம் பொறுத்து நிற்பேன், நூற்றிநாலு தன் பெயரைச் சொல்வதற்கு.