கிரீடத்தைக் கழற்றினால்

கிரீடத்தை மட்டும் கழற்றிவிட்டால் அப்படியே அவர்தான். அதே நெற்றி, அதே நேரான மூக்கு.

காளியாயி உள்ளங்கையிலிருந்த ராசா தலை போட்ட வெள்ளி ரூபாயை மறுபடியும் பார்த்தாள். ராசா செத்து, புதுக் காசுகளில் ராணியும் வந்துவிட்டாள். கடலுக்கு அந்தப் பக்கம் ஊருக்குப் போய்வருகிறேன் என்று கப்பலேறிய அவள் புருஷன் அழகன் மட்டும் எட்டு வருடமாக வரவில்லை. அவனுடைய போட்டோ ஒன்றுகூட இல்லை. தேயிலைச் செடிகளின் கிளையைக் கவ்வாத்து வெட்டிய கையால் அவன் கொடுத்துவிட்டுப் போன இந்தக் காசில்தான் அவன் முகத்தைக் காப்பாற்றி வந்தாள்.

காசு கறுத்தது. சாம்பல் போட்டுத் தேய்த்தாள், மூக்கு மழுங்கியது. புளி போட்டாள், கன்னத்தில் தேமல் விழுந்தது. பயந்துபோய் மஸ்கெலியா டவுனுக்கு பஸ் ஏறினாள்.

வெள்ளி வாங்கி விற்கும் மஃறூப் முதலாளி, காசை வாங்கிப் பூந்திக்கொட்டைத் தண்ணீர்ச் சட்டியில் போட்டார். பிறகுதான் உள்ளே எட்டிப் பார்த்தார். அங்கே ஏற்கெனவே முப்பது ராசாக்கள் ஊறிக்கொண்டிருந்தார்கள்.

“எல்லாம் ஒரே ராசாதானே புள்ள. ஏதாச்சும் ஒன்ன எடுத்துக்கிட்டுப் போ.”

“வேற ஆம்பள மூஞ்சிய நான் எதுக்கு முதலாளி வச்சுக்கணும்?”

சட்டியைக் கவிழ்த்துத் தேடினாள். எல்லா வீட்டிலும் சாம்பல்தான் போலிருக்கிறது. முப்பத்தொரு பேருக்கும் மூக்கு மழுங்கியிருந்தது.

துணி மூட்டையோடு வாசலில் நின்ற நரைத்த தாடிக்காரர் குனிந்து பார்த்தார்.

“தள்ளி நில்லுங்க பெரியவரே, வெளிச்சம் மறைக்குது.”

அவர் தள்ளி நின்றபடியே ஒரு காசை எடுத்து நீட்டினார்.

“இதுதான். ஓரத்துல கவ்வாத்துக் கத்தி கீறுன தடம் இருக்கும், பாருங்க.”

இருந்தது. எட்டு வருடமாக முகத்தையே பார்த்தவள் ஓரத்தைப் பார்த்ததேயில்லை.

“ஒங்களுக்கு எப்படிங்க தெரியும்?”

மஃறூப் இருமினார். “நெசமான வெள்ளிதானான்னு இதே கடையில கீறிப் பார்த்த ஆளே அவருதானே புள்ள. காலையிலதான் வந்து எறங்குனாரு. நீயா கண்டுபிடிப்பேன்னு ரெண்டு பேரும் எம்புட்டு நேரம் நிக்கிறது?”

காளியாயி காசிலிருந்த முகத்தை அந்தத் தாடிக்குள் நெடுநேரம் தேடினாள்.

அழகன் கையை நீட்டினான். “நானே வந்துட்டேன்ல. இனிமே அது எதுக்கு? முதலாளிகிட்டயே குடுத்துடு.”

அவள் காசை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

“இல்லீங்க,” என்றாள் மெதுவாக. “இவரு எங்கிட்டயே இருக்கட்டும்.”